விளக்கேற்றிய தளபதி

போர்க்காலத்தில் நடுக்கடலில் செல்லும் கப்பல் இரவில் விளக்கேற்றுவதில்லை. சிறு ஒளிக்கீற்றும் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலுக்கு இலக்கைக் காட்டிவிடும். 1944ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் இரவு, பிலிப்பைன் கடற்பரப்பில் அவ்விதியை ஒருவர் அறிந்தே மீறினார். அவர் அமெரிக்கக் கடற்படையின் வைஸ் அட்மிரல் மார்க் மிட்சர்.

1887இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த மிட்சர், ஓக்லகோமா நகரில் வளர்ந்தார். அனாபோலிஸ் கடற்படைக் கல்லூரியில் அவர் சிறந்த மாணவராக விளங்கவில்லை. 1906இல் கல்லூரியை விட்டே விலக நேர்ந்தது. மீண்டும் சேர்ந்து, முதலாண்டிலிருந்து தொடங்கி, 1910இல் ஒருவாறு தேறினார். இவர் பின்னாளில் பெரும் கப்பற்படையை நடத்துவார் என அன்று எவரும் கணித்திருக்கமாட்டார்.

போர்க்கப்பலின் பீரங்கியே கடலை ஆளும் என்று மூத்த அதிகாரிகள் நம்பிய காலம் அது. மிட்சரின் மனமோ விமானத்தை நாடியது. பென்சகோலாவில் பயின்று, 1916இல் அந்நாட்டுக் கடற்படையின் 33ஆம் விமானியானார். 1919இல் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்ட மூன்று கடல் விமானங்களுள் ஒன்றில் அவரும் விமானியாகச் சென்றார். அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே மூடுபனியில் வழி தெரியாமல் அவ்விமானம் கடலில் இறங்கியது, மீண்டும் எழவில்லை. அதிலிருந்தோரைக் கிரேக்கக் கப்பலொன்று மீட்டது. 1928இல் சரடோகா என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவரும் இவரே.

1942 ஏப்ரலில் ஜப்பானைத் தாக்கச் சென்ற 16 குண்டுவீச்சு விமானங்கள், மிட்சர் தலைமை வகித்த ஹார்னெட் கப்பலிலிருந்தே புறப்பட்டன. அப்புகழ் ஆறுவதற்குள் ஜூன் மாதத்தில் மிட்வே போர் வந்தது. ஹார்னெட்டின் டார்பிடோ விமானங்கள் 15உம் வீழ்ந்தன. அவற்றில் சென்ற 30 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். ஏனைய விமானங்கள் அன்று காலை எதிரியைக் காணவேயில்லை. இதில் கப்பல் தலைவருக்கும் பொறுப்புண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த இழப்பு அவரை ஆழமாக வருத்தியது.

1944இல் விமானந்தாங்கிக் கப்பல்களின் பெரும்படை அவர் பொறுப்பில் வந்தது. மெலிந்த உடல், மென்மையான குரல், வெயிலை மறைக்கும் நீண்ட விளிம்புத் தொப்பி. காற்று முகத்தில் அறையாதிருக்கப் பின்னோக்கித் திருப்பிய நாற்காலியில் அமர்ந்தே அவர் போரை நடத்தினார்.

ஜூன் 20 பிற்பகலில்தான் ஜப்பானியக் கப்பல்கள் தென்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் புறப்பட்டன. அதன் பின்னரே, எதிரி முன்னர்க் கருதியதைவிடத் தொலைவில் இருப்பது தெரிந்தது. திரும்பும்போது இருட்டிவிடும், எரிபொருளும் போதாது. மிட்சர் இரண்டாம் அணியை நிறுத்தினார்; சென்றவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. அவர்கள் கதிரவன் மறையும் வேளையில் தாக்கி, ஹியோ என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தனர்.

இரவில் இறங்கிப் பழகாத இளைஞர் பலர், வற்றிய எரிபொருள் கலத்துடன் இருளில் தம் கப்பலைத் தேடினர். அவர்களை அனுப்பியவர் மிட்சர். நீர்மூழ்கிகள் எங்கிருக்கின்றன என்பதை அவர் அறியார். கப்பல்களில் இருந்த பல்லாயிரவர் உயிரும் அவர் கையில். விளக்குகளை ஏற்ற ஆணையிட்டார். தேடொளிகள் வானை நோக்கி நிமிர்ந்தன. வெளிச்சக் குண்டுகள் வெடித்தன. எக்கப்பலிலும் இறங்கலாம் என அறிவிக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் ஏறத்தாழ 80 விமானங்கள் கடலில் விழுந்தும் தளத்தில் மோதியும் அழிந்தன. ஆயினும் விமானிகளில் பெரும்பாலோர் அன்றிரவும் அடுத்த நாள்களிலும் மீட்கப்பட்டனர். எந்த நீர்மூழ்கியும் அன்று தாக்கவில்லை. அவர் ஆணையிட்டபோது அது தெரியாதன்றோ!

1945 மே மாதத்தில், ஒகினாவாவுக்கு அருகே அவர் இருந்த பங்கர் ஹில் கப்பலைத் தற்கொலை விமானங்கள் தாக்கின. உடன் பணிபுரிந்தோர் சிலர் மாண்டனர். மூன்றே நாள்களில், அவர் மாறிச் சென்ற என்டர்பிரைஸ் கப்பலும் தாக்கப்பட்டது. மிட்சர் மூன்றாவது கப்பலுக்குச் சென்று பணியைத் தொடர்ந்தார்.

போருக்குப் பின் அட்மிரலாக உயர்ந்து அட்லாண்டிக் கப்பற்படைக்குத் தலைமை ஏற்றார். அப்பொறுப்பில் இருந்தபோதே 1947 பிப்ரவரி 3ஆம் நாள், நார்போக் நகரில், 60ஆம் வயதில் காலமானார். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.