பாட்டைத் தேடி நடந்த மனிதர்

அமெரிக்காவின் கன்ட்ரி இசை என்றதும் அகன்ற தொப்பியும் மின் கிட்டாரும் ஒளிவெள்ளம் பாயும் மேடையும்தான் பலரது நினைவுக்கு வரும். அந்த இசையின் வேரைத் தேடிச் செல்பவர் வந்து சேரும் இடம், வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் கிளிஞ்ச் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூர். மேசஸ் ஸ்பிரிங் என்பது அதன் பெயர். அது அமைந்திருக்கும் பள்ளத்தாக்குக்கு அவ்வூர் மக்கள் இட்ட பெயரே ஏழைப் பள்ளத்தாக்கு என்பதுதான். 1891 டிசம்பர் 15 அன்று அங்கே பிறந்த ஆல்வின் பிளசண்ட் கார்ட்டர், ஏ.பி. கார்ட்டர் என்ற பெயரில் அந்த இசையின் வரலாற்றில் நிலைத்துவிட்டார்.

மரபிசையைக் காப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இவரது வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. ஒரு மரபைக் காப்பாற்றியவர் என்ற புகழும், பிறர் பாட்டுக்குத் தம் பெயரைச் சூட்டிக்கொண்டவர் என்ற குறையும் ஒரே மனிதர்மீது சேர்ந்து நிற்கின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அந்த வாழ்க்கை நமக்குக் கற்றுத் தருவதற்கு ஏதும் இராது.

கார்ட்டருக்குப் பிறவியிலேயே கைகளில் மெல்லிய நடுக்கம் இருந்தது. அது குரலிலும் ஒலித்தது. கருவுற்றிருந்த தாயின் அருகே இடி விழுந்ததே அதற்குக் காரணம் என்று குடும்பத்தார் நம்பினர். இளமையில் பழமரக் கன்றுகளை ஊர் ஊராக விற்று வந்தார். அப்படிச் சென்ற இடத்தில்தான் ஆட்டோஹார்ப் என்னும் தந்திக் கருவியை மீட்டிப் பாடிக்கொண்டிருந்த சாரா டகர்ட்டியைக் கண்டார் என்று கூறுவர். 1915-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. பின்னர் சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல், கார்ட்டரின் தம்பி எஸ்ராவை மணந்து அதே குடும்பத்துக்குள் வந்தார். சாராவின் ஆழ்ந்த குரல், மேபெலின் கிட்டார், இடையிடையே நடுங்கும் குரலில் வந்து இணையும் கார்ட்டர் என மூவர் சேர்ந்ததே கார்ட்டர் குடும்பம் என்னும் இசைக்குழு.

1927-ஆம் ஆண்டு கோடையில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடகர்களைத் தேடி ரால்ஃப் பியர் என்பவர் பிரிஸ்டல் நகருக்கு வந்தார். நகரின் முக்கியத் தெரு ஒன்றே டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களுக்கு எல்லைக்கோடாக அமைந்த ஊர் அது. முன்பு தொப்பி நிறுவனம் இருந்த கட்டடமே ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. கார்ட்டர் தம்பியின் காரை இரவல் வாங்கி, கைக்குழந்தையோடு சாராவையும் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த மேபெலையும் அழைத்துக்கொண்டு, சரியான சாலையில்லாத மலைவழியில் அங்கே சென்று சேர்ந்தார். ஆகஸ்ட் 1, 2 ஆகிய இரு நாள்களில் ஆறு பாடல்கள் பதிவாயின. ஒரு பாடலுக்கு 50 டாலர் ஊதியம். அடுத்த இரண்டாம் நாள் அதே கூடத்தில் பாடியவர், ரயில்வேயில் பிரேக் ஊழியராக இருந்து பாடகரான ஜிம்மி ராட்ஜர்ஸ். ஒரே வாரத்தில் இரு பெரும் ஓடைகள் பிறந்த அந்த ஊரை, கன்ட்ரி இசையின் பிறப்பிடமென 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அறிவித்தது.

இந்த இடத்தில் வணிகத்தின் ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ரால்ஃப் பியரின் உண்மையான வருமானம் பாடல்களின் பதிப்புரிமையிலிருந்து வந்தது. ஏற்கெனவே ஒருவர் பெயரில் உள்ள பாட்டு அவருக்குப் பயன்படாது. புதிதாகப் பதிவு செய்யத்தக்க பாட்டு வேண்டும். யாரும் உரிமை கோராத பழம்பாடலைச் சற்றே மாற்றிக் கொண்டுவந்தாலும் போதும். அதற்கு ஈடாகப் பாடகருக்கு விற்பனையில் ஒரு சிறு பங்கு கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் முன்பாகக் கார்ட்டருக்குப் புதிய பாடல்கள் தேவைப்பட்டன. தம் பள்ளத்தாக்கின் பாடல்கள் தீர்ந்தபோது, மரக்கன்று விற்ற கால்கள் பாட்டைத் தேடிப் புறப்பட்டன.

மலைக்கிராமங்களிலும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் ஆலை நகரங்களிலும் அவர் அலைந்தார். பழம்பாடல் தெரிந்தவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். சொற்களை எழுதிக்கொள்ள அவரால் முடிந்தது. மெட்டை நினைவில் வைத்துக்கொள்வது அவருக்குக் கைவரவில்லை. அந்தக் குறையை நிறைவு செய்தவர்தான் லெஸ்லி ரிடில்.

ரிடில் கறுப்பினத்தைச் சேர்ந்த இளைஞர். டென்னசியின் கிங்ஸ்போர்ட் நகரில் வாழ்ந்தவர். சிமென்ட் ஆலையில் நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர். அவரது ஒரு கையில் இரண்டு விரல்களும் இல்லை. எஞ்சிய விரல்களால் தமக்கென ஒரு மீட்டும் முறையை உருவாக்கிக்கொண்டு கிட்டார் வாசித்தார். 1928-இல் கார்ட்டர் அவரைச் சந்தித்தார். அதன்பின் இருவரும் பல பயணங்களைச் சேர்ந்தே மேற்கொண்டனர். பாடுபவர் பாட, கார்ட்டர் சொற்களை எழுத, ரிடில் மெட்டைச் செவியில் வாங்கி நெஞ்சில் பதித்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் சாராவுக்கும் மேபெலுக்கும் அதை வாசித்துக் காட்டினார். பள்ளிக்கூடம், ரயில், உணவகம் என எல்லாவற்றிலும் கறுப்பரையும் வெள்ளையரையும் சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில் கார்ட்டரின் வீட்டில் ரிடில் நாள்கணக்கில் தங்கிச் செல்வது வழக்கமாக இருந்தது.

மேபெல் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை மீட்டி, மற்ற விரலால் மெல்லிய தந்திகளில் தாளம் காட்டுவார். ஒற்றைக் கிட்டார் இரண்டாக ஒலிக்கும். பிற்காலத்தில் கிட்டார் பழகிய எண்ணற்றோருக்கு அதுவே அரிச்சுவடியாயிற்று. ரிடிலிடமிருந்து தாம் கற்றதை மேபெல் பின்னாளில் மறைக்காமல் கூறினார். வெள்ளையரின் மலையிசை என்று விற்கப்பட்ட இசைத்தட்டுகளில் கறுப்பினத் தேவாலயங்களின் பக்திப் பாடல்களும் புளூஸ் மெட்டுகளும் கலந்திருந்தன. இசைத்தட்டு நிறுவனங்களோ தங்கள் பட்டியலில் இரு இனத்தாரின் இசையையும் தனித்தனியே அடுக்கின. செவிகள் மதிக்காத எல்லையை வணிகம் வரைந்தது.

1927 முதல் 1941 வரை இக்குழு ஏறத்தாழ 300 பாடல்களைப் பதிவு செய்தது. அவற்றுள் மிகப் பலவற்றில் இயற்றியவர் என்ற இடத்தில் ஏ.பி. கார்ட்டரின் பெயரே இருந்தது. அவற்றில் சில அவர் உண்மையிலேயே எழுதியவை. பல, 19-ஆம் நூற்றாண்டில் அச்சான வரவேற்பறைப் பாடல்கள், மறக்கப்பட்ட துதிப்பாடல்கள், யார் பாடினார் என்று தெரியாத நாட்டுப்பாடல்கள். இவர்களது புகழ்பெற்ற காட்டுப்பூப் பாட்டு 1860-இல் அச்சான ஒரு பாடலின் வாய்வழித் திரிபு. இவர்களின் அடையாளமாகவே ஆகிவிட்ட ஒளிமிகுந்த பக்கம் பற்றிய பாட்டு, 1899-இல் ஏடா பிளெங்கார்ன் என்னும் பெண் எழுதிய துதிப்பாடல். பாட்டுகளின் பயணம் அத்தோடும் நிற்கவில்லை. பின்னாளில் உட்டி கத்ரி, அமெரிக்க மண் அனைவருக்கும் உரியது என்று பாடிய புகழ்பெற்ற பாடலின் மெட்டு, கார்ட்டர் குடும்பம் பாடிய ஒரு பக்திப் பாடலை அடியொற்றியது.

அப்படியானால் கார்ட்டர் செய்தது திருட்டா? அந்தச் சொல்லை நான் ஏற்கமாட்டேன். சிதைந்த வரிகளை இணைத்தார். மறந்த சரணங்களை நிரப்பினார். மூன்று குரல்களுக்கும் இரண்டு கருவிகளுக்கும் பொருந்த வடிவம் கொடுத்தார். அவர் கதவைத் தட்டியிராவிட்டால் அவற்றில் பல பாடல்கள் கடைசியாக அவற்றை அறிந்திருந்த முதியவருடன் மண்ணுக்குள் போயிருக்கும். அதே வேளையில், பாட்டைக் கொடுத்தவருக்கும் மெட்டைச் சுமந்தவருக்கும் தாளில் இடமில்லாமல் போனதை நியாயம் என்று சொல்லவும் என்னால் இயலாது. ஒருவர் பெயரை மட்டுமே ஏற்கும் படிவத்தைச் சட்டம் நீட்டியது. பலரின் உழைப்பு அந்த ஒரு பெயருக்குள் அடங்கிப் போயிற்று. ரிடில் 1940-களில் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார், கிட்டாரையும் விற்றுவிட்டார். 1965-இல் இசைக் கலைஞர் மைக் சீகர் தேடிச் சென்று கண்டுபிடித்துப் பாட வைக்கும் வரை உலகம் அவரை அறியவில்லை.

பாட்டைத் தேடிய பயணங்களுக்குக் கார்ட்டரும் விலை கொடுத்தார். அவர் வாரக்கணக்கில் வெளியூரில் இருக்க, நிலத்தையும் மூன்று குழந்தைகளையும் சாரா தனியே சுமந்தார். அந்தத் தனிமையில் கணவரின் உறவினரான காய் பேயஸுடன் அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. 1933-இல் சாரா வீட்டைவிட்டு வெளியேறினார். சில ஆண்டுகளில் மணமுறிவும் ஆயிற்று. குடும்பம் முறிந்த பிறகும் கார்ட்டர் குடும்பம் என்ற பெயரில் மூவரும் சேர்ந்து பாடினர். 1938 முதல், டெக்சாஸ் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் இயங்கிய எக்ஸ்.இ.ஆர்.ஏ. வானொலியில் அவர்களது குரல் ஒலித்தது. அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட 50 கிலோவாட் வரம்பைப் பன்மடங்கு கடந்த ஆற்றல் கொண்ட நிலையம் அது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவர்களது பாட்டு சென்று சேர்ந்தது. அந்த வானொலியில் சாரா ஒரு பாடலைத் தொலைவில் இருந்த காய்க்கு உரியதாக்கிப் பாடினார் என்றும், அதைக் கேட்டு அவர் வந்து சேர்ந்தார் என்றும் சொல்வதுண்டு. 1939-இல் அவ்விருவரும் மணந்துகொண்டனர். அதே ஒலிவாங்கியின் முன் கார்ட்டர் தொடர்ந்து பாடினார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1943-இல் குழு கலைந்தது. மேபெல் தம் மகள்களோடு தனிக்குழு அமைத்து நாஷ்வில் வரை சென்றார். கார்ட்டர் மேசஸ் ஸ்பிரிங்கிலேயே ஒரு மளிகைக் கடை வைத்துக்கொண்டார். 1950-களில் சாராவுடனும் பிள்ளைகள் ஜேனட், ஜோ ஆகியோருடனும் சிறு நிறுவனம் ஒன்றுக்காகச் செய்த ஒலிப்பதிவுகள் பெரிதாகக் கவனம் பெறவில்லை. 1960 நவம்பர் 7 அன்று அவர் மறைந்தார். நாட்டுப்புற இசையின் மறுமலர்ச்சி அலையில் கல்லூரி மாணவர்கள் அவரது பழைய இசைத்தட்டுகளைத் தேடத் தொடங்கிய காலம் அது. கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் கார்ட்டர் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது 1970-இல்.

இறப்பதற்கு முன் கார்ட்டர் தம் மகள் ஜேனட்டிடம், இந்த இசை அழியாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார். ஜேனட் பெரும் செல்வம் படைத்தவரல்லர். 1974-இல் தந்தையின் அந்தப் பழைய கடையிலேயே இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். கூட்டம் கடைக்குள் அடங்காமல் போனபோது, சகோதரர் ஜோவின் உழைப்பில் அருகிலேயே ஓர் எளிய அரங்கம் எழுந்தது. கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட் என்னும் அவ்வரங்கில் சனிக்கிழமைதோறும் இசை உண்டு. மதுவுக்கு இடமில்லை, மின்கருவிகளுக்கும் இடமில்லை. இரண்டாவது விதி மேபெலின் மருமகனான ஜானி கேஷுக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. மனைவி ஜூன் மறைந்த சில வாரங்களுக்குப் பின், 2003 ஜூலையில், அவர் தம் வாழ்வின் கடைசி நிகழ்ச்சியைப் பாடியதும் அந்த மேடையில்தான். 2006-இல் ஜேனட் மறைந்த பின்னர் அடுத்த தலைமுறை அப்பொறுப்பை ஏற்றது.

மரபிசை பற்றிய நமது பேச்சு பெரும்பாலும் ஆவணம், விருது, விழா ஆகியவற்றைச் சுற்றியே நிற்கிறது. இவை தேவைதான். எனினும் கார்ட்டரின் கதை வேறொன்றையும் சொல்வதாக நான் கருதுகிறேன். ஒரு பாட்டு உயிரோடு இருப்பது, அதை வாரந்தோறும் ஒருவர் பாட, கேட்டு ஆட நான்கு பேர் வருவதால். இசைத்தட்டு கார்ட்டரின் குரலைக் காத்தது. அவர் தேடிய இசைக்கு ஊரில் ஓரிடத்தை, மகள் நடத்திய சனிக்கிழமை மாலைகள் காத்தன.

கூடவே ஒரு கடமையும் இருக்கிறது. மரபைச் சுமப்பவர் தமக்கு அதைத் தந்தவரின் பெயரையும் சேர்த்தே சுமக்க வேண்டும். பெயர் தெரியாத முதியவரிடம் கேட்டது என்றால் அந்த ஊரின் பெயரையாவது சொல்ல வேண்டும். இன்று பழம்பாடலைத் தேடிச் செல்வோர் கையில் ஒலியைப் பதியும் கருவி இருக்கிறது; பாடியவர் பெயரைக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். கார்ட்டருக்காக மெட்டைச் சுமந்த லெஸ்லி ரிடிலின் பெயர் வெளியே வர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. இனியும் எந்தக் கலைஞரையும் அவ்வளவு காலம் காக்க வைக்கலாகாது.