பெர்ராரியின் முத்திரைகள்: போர் ஏலத்தில் விட்ட ஒரு வாழ்நாள்

அம்மாவிடம் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, தேவிபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று 2009 மே வரை ஓடிய ஓட்டத்தில் அவருடைய இடுப்பை விட்டு இறங்காத பை. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, குடும்ப அட்டை எல்லாவற்றோடும் அதற்குள் ஒரு கடிதமும் உண்டு. வெளிநாடு போவதற்காகக் கொழும்பில் போய் நின்ற பெரியண்ணா 1989இல் எழுதியது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

கடிதத்தின் தலையில் திகதி போடும் பழக்கம் அண்ணாவுக்கு இல்லை. எங்கே நின்று எழுதுகிறேன் என்றும் எழுதமாட்டார். அவை இரண்டும் உறையில் இருந்தன. முத்திரைக்கு மேலே பாதியும் உறையில் பாதியுமாக விழுந்திருந்த தபால் சீலில் இருந்தன. அந்த உறை இப்போது இல்லை. முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிவிட்டு உறையை எறிந்தவன் நான். எனக்கு அப்போது 12 வயது.

முத்திரை சேர்ப்பவர்களிடம், உலகத்திலேயே பெரிய சேகரிப்பை வைத்திருந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பிலிப் வொன் பெர்ராரி என்பார்கள். அவர் இறந்து நூறு வருடங்களுக்கு மேலாகிறது. அந்தப் பெயரை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஒழுங்கையில் இருந்த, தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு மாமா. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் கைச்சரக்கு என்று பிறகு வாசித்தபோது தெரிந்தது. ஆனால் உண்மைக் கதையைப் படித்தபோதுதான் எனக்கு நித்திரை போனது. அது ஒரு போரில் போய் முடிகிறது.

பெர்ராரி பிறந்தது 1850 ஜனவரி 11இல், பாரிஸில் உள்ள மத்தின்யோன் மாளிகையில். தகப்பன் இத்தாலியின் ஜெனோவா நகரத்தவர். வங்கியிலும் ரயில் பாதைகளிலும் பெரும் பணம் சேர்த்தவர். கலியேரா பிரபு என்ற பட்டமும் பெற்றவர். அந்த மாளிகைதான் இன்று பிரான்ஸ் பிரதமரின் இல்லம். லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிற எங்கட ஆட்கள் பாரிஸின் மற்றப் பக்கம் போனால் அதன் வாசலைப் பார்க்கலாம்.

பத்து வயதளவில் பெடியன் முத்திரை சேர்க்கத் தொடங்கினான். அப்போது முத்திரை என்பதே புதிய சாமான். பிரித்தானியா முதல் முத்திரையை 1840இல் வெளியிட்டது. இலங்கையின் முதல் முத்திரை, ஆறு பென்ஸ் பெறுமதியானது, 1857 ஏப்ரல் முதலாம் திகதி வந்தபோது பெர்ராரிக்கு ஏழு வயது. அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த நான்கு பென்ஸ் முத்திரை, மங்கிய றோசா நிறம் கொண்டது, 'டல் றோஸ்' என்ற பெயரோடு இன்றுவரை இலங்கை முத்திரை சேர்ப்பவர்களின் கனவாக இருக்கிறது.

தகப்பன் 1876இல் இறந்தார். மகன் பட்டம் வேண்டாம் என்றார். தாய் தன் செல்வத்தில் பெரும்பகுதியைத் தருமங்களுக்குக் கொடுத்தார். ஜெனோவாவில் அவர் கட்டிய ஆஸ்பத்திரி இன்றும் கலியேரா என்ற பெயரோடு இயங்குகிறது. மாளிகையை அவுஸ்திரியப் பேரரசருக்குக் கொடுக்க, அது அவுஸ்திரியத் தூதரகமாயிற்று. அதன் ஒரு பகுதியில் பெர்ராரி தன் முத்திரைகளோடு தொடர்ந்து இருந்தார்.

இந்த மனிதருக்கு எது நாடு என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. வம்சம் இத்தாலி, பிறந்த இடம் பிரான்ஸ். ஓர் அவுஸ்திரிய அதிகாரி அவரைச் சுவீகாரம் எடுத்ததால் அவுஸ்திரியர் ஆனார். 1908இல் சுவிஸ் குடியுரிமையும் எடுத்தார். இரண்டு கடவுச்சீட்டும் மூன்று பாஷையும் நாலு நாட்டில் சொந்தக்காரரும் உள்ள எங்கட சனத்துக்கு இது விளங்கும். சமாதான காலத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை.

சேர்ப்பதை அவர் ஒரு வேலையாகவே செய்தார். 1874இலிருந்து பியர் மாஹே என்பவரைச் சேகரிப்பைப் பராமரிக்கவே வைத்திருந்தார். மற்றவர்கள் முத்திரை வாங்கினால் இவர் சேகரிப்புகளையே வாங்கினார். 1878இல் இலண்டன் முத்திரைச் சங்கத்தின் முதல் தலைவர் சேர் டானியல் கூப்பருடையது, 1882இல் நீதிபதி பில்பிரிக்குடையது என்று முழு முழுதாக வாங்கி உள்ளே சேர்த்தார். பொற்காசுகளோடு ஐரோப்பிய நகரங்களில் வியாபாரிகளிடம் போவாராம். பேரம் பேச மாட்டாராம். கையோடு காசு. இதைத் தெரிந்து அவருக்கென்றே கள்ள முத்திரை செய்து விற்றவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்டவற்றுக்கு 'பெர்ராரிட்டி' என்றே முத்திரை உலகம் பெயர் வைத்துவிட்டது. கள்ளம் என்று தெரிந்தும் சிலவற்றை வாங்கினார் என்கிறார்கள். ஒரு நல்லதைத் தவறவிடும் பயம் ஏமாறும் பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

அவர் வாங்கியதில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். தென்னமெரிக்காவின் கரையில் பிரித்தானிய கயானா என்ற காலனி. அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றிய இடம். சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழர்களும் அதில் இருந்தார்கள். 1856இல் இலண்டனிலிருந்து முத்திரைகள் வந்து சேரப் பிந்திவிட்டது. தபாலதிபர் உள்ளூர் அச்சகத்தில் கொஞ்சம் அடிப்பித்தார். சிவப்புத் தாளில் கறுப்பு மை, நடுவில் ஒரு கப்பல். தரம் குறைவாக இருந்ததால் கள்ளம் வராமல் ஒவ்வொன்றிலும் தபால் எழுதுவினைஞர் தன் பெயரின் முதலெழுத்துகளை இட்டே விற்கவேண்டும் என்று கட்டளை. இதில் ஒரு சதப் பெறுமதியானது செய்தித்தாள்களுக்கு. செய்தித்தாள் சுற்றிய தாளை யார் பத்திரப்படுத்துவார்கள்? எல்லாம் அழிந்தன. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

அதை 1873இல் வீட்டுப் பழைய தாள்களுக்குள் கண்டெடுத்தவன் வெர்னன் வோன் என்ற பெடியன். வயது 12. அவனும் தண்ணீரில் நனைத்துத்தான் கழற்றினான். ஒட்டியிருந்த தாள் போய்விட்டது. அழகான முத்திரைகள் வேறு வாங்கும் ஆசையில், இந்த அழுக்கு முத்திரையை ஆறு சிலிங்குக்கு விற்றான். அது 1878இல் லிவர்பூலில் ஒரு வியாபாரியிடம் வந்து, அதே வருடம் 150 பவுண்ஸுக்கு பெர்ராரியிடம் போய்ச் சேர்ந்தது.

இதில் எனக்கு முக்கியம் விலையல்ல. அந்தத் தாளில் யாருடைய பெயர் இருந்தது, எங்கே போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முத்திரையின் மேல் தபால் சீல் நிற்கிறது: டெமராரா, 1856 ஏப்ரல் 4. எழுதுவினைஞரின் எழுத்தும் நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட கந்தோரில் ஒருவர் பேனாவோடு இருந்தார் என்பதற்கு அந்தச் சின்னத் துண்டு சாட்சி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சையாக வரவேண்டிய முத்திரை பிழையாக மஞ்சளில் அச்சான சுவீடனின் மூன்று ஸ்கில்லிங்கை ஒரு பெடியன் ஏழு குரோனருக்கு விற்றிருந்தான். அது கைமாறி 1894இல் 4,000 குல்டனுக்கு பெர்ராரியிடம் வந்தது. மொறீசியஸ் 1847இல் வெளியிட்ட 'போஸ்ட் ஒஃபிஸ்' முத்திரைகளும் அவரிடம் இருந்தன. அந்தத் தீவின் நாணயத்தாளில் இன்றும் தமிழ் எழுத்து உண்டு. தன்னுடையது என்று காட்ட முத்திரையின் பின்பக்கத்தில் மூன்றிலை வடிவில் சின்ன அடையாளம் ஒன்றைப் பதிப்பது பெர்ராரியின் வழக்கம். கயானா முத்திரையின் முதுகில் அது இன்றும் இருக்கிறது.

1914இல் முதலாம் உலகப்போர் வந்தது. பாரிஸில் வாழ்ந்த, பாரிஸில் பிறந்த, 64 வயது மனிதர் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார். சுவிஸுக்குப் போனார். சேகரிப்பு பாரிஸிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் திரும்பலாம் என்று நினைத்திருப்பார். நாங்களும் அப்படி நினைத்துத்தான் கிளிநொச்சி வீட்டுக் கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம்.

1915 ஜனவரியில் உயில் எழுதினார். முழுச் சேகரிப்பும் பேர்ளின் தபால் அருங்காட்சியகத்துக்கு. பராமரிப்புக்குக் காசும் அதோடு. பிரியக்கூடாது, ஒன்றாக இருக்கவேண்டும் என்ற ஒரே ஆசை. போர் நடுவில் பாரிஸில் இருக்கும் பொருளை ஜேர்மனிக்கு எழுதிவைத்த அந்த முடிவை என்னால் முழுதாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. பிடிவாதமா, அப்பாவித்தனமா? 1917 மே 20இல் லொசானில் இறந்தார். தான் கோடை காலத்தில் போய்த் தங்கும் அவுஸ்திரியக் கிராமமான ஸ்ரைன்பாக்கில் அடக்கம் செய்யப்பட்டார். தன் முத்திரைகளை அவர் திரும்பப் பார்க்கவில்லை.

போர் முடிந்தது. பிரான்ஸ் அரசு சேகரிப்பை எதிரிச் சொத்து என்று பறிமுதல் செய்தது. மத்தின்யோன் மாளிகையும் அவ்வாறே போனது. 1921இலிருந்து 14 ஏலங்களில், பாரிஸில், அறுபது வருடத் தேட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. சுமார் 4 லட்சம் பவுண்ஸ் சேர்ந்தது. ஜேர்மனி கட்டவேண்டிய போர் இழப்பீட்டுக் கணக்கில் அது வரவு வைக்கப்பட்டது. துப்பாக்கி தொடாத ஒருவர் செத்த பிறகு கட்டிய தண்டம். கயானா முத்திரையை 1922இல் ஆர்தர் ஹைண்ட் என்ற அமெரிக்க ஆலை முதலாளி முப்பதாயிரம் டொலருக்கு மேல் கொடுத்து எடுத்தார். 2014இல் அதன் விலை 94 லட்சம் டொலருக்கு மேல்.

பேர்ளினுக்குப் போயிருந்தாலும் என்ன நடந்திருக்கும்? அந்த அருங்காட்சியகத்திடம் ஏற்கெனவே இருந்த மொறீசியஸ் முத்திரைகளை இரண்டாம் உலகப்போரில் ஒரு சுரங்கத்துக்குள் ஒளித்தார்கள். அங்கிருந்தும் காணாமல்போய், அமெரிக்காவில் வெளிப்பட்டு, 1990இல்தான் திரும்பி வந்தன. காணாமல்போய்த் திரும்பியவை என்றால் எங்கள் வீட்டில் எல்லாரும் காது கொடுப்பார்கள்.

போர்க்கால உறைகளுக்கு முத்திரை உலகத்தில் தனி மதிப்பு. பெர்ராரிக்கு இருபது வயதாக இருந்தபோது பாரிஸைப் பிரஷ்யப் படை முற்றுகையிட்டது. உள்ளே அகப்பட்ட சனம் பலூனில் கடிதம் அனுப்பியது. மெல்லிய தாளில் எழுதப்பட்ட அவற்றை இன்று காசு கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள். எங்கள் முற்றுகைக்குள் மாத்தளனிலிருந்து போன செஞ்சிலுவைக் கப்பலில் காயக்காரர் போனார்கள். எங்கள் பக்கத்து உறை ஒன்றைப் பத்திரப்படுத்த அப்போது யாருக்கு மனம் இருந்தது? அதற்கு முந்தைய தடைக் காலத்தில் வந்த செஞ்சிலுவைச் செய்தித் தாள்கள்கூட எத்தனை வீட்டில் மிச்சம்?

போர் முடிந்து சில வருடங்களில் காணாமல்போனோர் பற்றி விசாரிக்க வந்தவர்கள் முன்னால் அம்மா அந்தக் கடிதத்தை வைத்தார். எழுதப்பட்ட திகதி எது, எந்த இடத்திலிருந்து என்று கேட்டார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. உறை வெள்ளத்தில் போய்விட்டது என்றார். அந்த வருடம் வெள்ளமே வரவில்லை. வீட்டுக்கு வரும்போதும் அதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணாவின் முத்திரையை நான் எறியவில்லை. சீலின் பாதி அதில் இருந்தது. எழுத்துகளை அப்போது நான் வாசிக்கக்கூட முயலவில்லை. நீல மட்டை போட்ட அல்பத்தில், இலங்கைப் பக்கத்தில், மூன்றாவது வரியில் ஒட்டினேன். பெரியம்மாவின் ஜேர்மன் கடிதங்களில் வந்தவை அதற்கு அடுத்த பக்கம். 2009 பெப்ரவரியில் தேவிபுரத்தில் பங்கருக்குள் இரண்டு யூரியாப் பையில் சுற்றித் தாட்டுவிட்டு மாத்தளனுக்கு வெளிக்கிட்டோம். மீளக்குடியமர விட்டபிறகு போய்த் தோண்டினேன். பங்கர் இருந்த இடமே பிடிபடவில்லை.

தபால் கந்தோர் மாமா பெர்ராரியின் மூன்றிலையைத் தாளில் கீறிக் காட்டியபோது எனக்கு அது வில்வம் இலையாகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து என் முத்திரை ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு வில்வம் கீறினேன். போர் முடிந்த காணிகளில் கிளறி எடுத்த பழைய சாமான்களோடு அப்படி ஒரு அல்பம் யாருடைய கைக்காவது போயிருக்கலாம். இதை வாசிப்பவர்களில் முத்திரை சேர்ப்பவர்கள் இருந்தால், 1980களின் இலங்கை முத்திரைகளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வில்வம் இருந்தால் அதன் முன்பக்கத்துச் சீலில் என்ன திகதி, எந்தக் கந்தோர் என்று மட்டும் சொன்னால் போதும். முத்திரை உங்களிடமே இருக்கட்டும்.