பெர்னடாட் பிரபு

பாலஸ்தீன விவகாரத்தைப் பற்றி நம் வாலிபர்கள் பேசும்போது ஒருவர் யூதர் பக்கமும் மற்றவர் அராபியர் பக்கமும் நின்று வாதிப்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். வாதத்தில் சூடு இருக்கிறதே தவிர, இந்த வழக்கில் முடிச்சு எங்கே விழுந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அந்த முடிச்சை அவிழ்க்கப் போய் உயிரை இழந்த ஒரு மனிதரின் சரித்திரத்தை இன்று சொல்லப் புகுகிறோம். அவர் யூதருமல்ல, அராபியருமல்ல, ஸ்வீடன் தேசத்தவர். 1948-ஆம் வருஷத்தில் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் அடிபட்ட அவர் பெயரை இன்று நம்மவருள் நினைப்பவர் அதிகமில்லை.

போல்க் பெர்னடாட் 1895-ஆம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். தகப்பனாரான ஆஸ்கார், ஸ்வீடன் அரசர் ஐந்தாம் குஸ்தாவின் சகோதரர். அரச குலத்திற்கு வெளியே பெண் கொண்டதனால் ஆஸ்கார் பட்டத்து உரிமையை இழந்தார். ஆகவே மகனும் இளவரசராகாமல் பிரபுவாகவே வளர்ந்தார். குதிரைப் படையில் உத்தியோகம், 1928-ல் ஓர் அமெரிக்கச் சீமானின் மகளோடு விவாகம், பிறகு சாரணர் இயக்கம், செஞ்சிலுவைச் சங்கம் என்று அவருடைய நாட்கள் கழிந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால் நாம் இந்தப் பத்திகளை அவருக்கு ஒதுக்க வேண்டிய அவசியமே இராது.

1945-ல், ஜெர்மனி வீழ்ந்துகொண்டிருந்த மாதங்களில், ஸ்வீடிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் உபதலைவர் என்ற ஹோதாவில் அவர் பெர்லினுக்குச் சென்றார். நாஜிகளின் கைதி முகாம்களுக்கெல்லாம் எஜமானனான ஹிம்லரை நேரில் கண்டு பேரம் பேசினார். வெள்ளை வர்ணம் பூசிச் சிலுவைக் குறி இட்ட பஸ்கள் குண்டு மழையினூடே சென்று ஆயிரக்கணக்கான கைதிகளை ஸ்வீடனுக்குக் கொண்டு வந்தன. முதலில் மீட்கப்பட்டவர் நார்வே, டென்மார்க் தேசத்தவர். 400-க்கு மேற்பட்ட டேனிஷ் யூதர்களும் அவர்களுள் இருந்தனர். பின்னர் ராவன்ஸ்புரூக் முகாமிலிருந்து பல தேசத்துப் பெண்களும் விடுதலை பெற்றார்கள். தம் நாட்டவருக்கும் அண்டை நாட்டவருக்கும் இடம் செய்வதற்காக மற்றக் கைதிகளை வேறு முகாம்களுக்கு மாற்ற அவர் இணங்கினார் என்ற குற்றச்சாட்டு உண்டு, அது பொய்யல்ல. கொலைகாரனுடன் பேரம் பேசப் போகிறவன் கை முழுச் சுத்தமாகத் திரும்புவதில்லை. ஆயினும் அந்தப் பஸ்களால் உயிர் பிழைத்தவர்களின் தொகையைச் சிறிதென்று யாரும் சொல்ல முடியாது.

இனிப் பாலஸ்தீனத்திற்கு வருவோம். 1917-ல் பிரிட்டிஷ் மந்திரி பால்பர் அந்நாட்டில் யூதருக்குத் தேசியத் தாயகம் அமைய உதவுவதாக வாக்களித்தார். அந்த வாக்கைக் கொடுத்தபோது அங்கே குடியிருந்த அராபியரை யாரும் கேட்கவில்லை. பிறகு ஹிட்லர் கொடுமையில் 60 லட்சம் யூதர் மாண்டனர். தப்பியவருக்குப் போக்கிடம் இல்லை. இரு தரப்பிலும் நியாயம் இருக்கும் வழக்கே தீர்ப்பதற்கு அரிய வழக்கு. பிரிட்டிஷார், நம் நாட்டில் செய்தது போலவே, சிக்கலைப் பிறர் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறினர். ஐக்கிய நாட்டு ஸ்தாபனம் அனுப்பிய விசாரணைக் கமிட்டியில் இந்தியாவின் பிரதிநிதியாக ஸர் அப்துர் ரஹ்மான் இருந்தார். நாட்டைத் துண்டு போடாமல் ஒரே சமஷ்டி ராஜ்யமாக அமைக்க வேண்டும் என்று இந்தியாவும் ஈரானும் யுகோஸ்லாவியாவும் கூறின. பிரிவினையின் பலனை அந்த வருஷத்திலேயே பஞ்சாபிலும் வங்காளத்திலும் கண்ட தேசம் வேறெப்படிக் கூறும்? ஆனால் 1947 நவம்பர் 29-ந் தேதி 33 வோட்டுக்கள் பிரிவினைக்குச் சாதகமாகவும் 13 பாதகமாகவும் விழுந்தன. 10 தேசங்கள் வோட்டுப் போடவில்லை. இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. மறுநாளே சண்டை மூண்டது. 1948 மே 14-ந் தேதி இஸ்ரேல் ராஜ்யம் பிரகடனமாயிற்று. அடுத்த நாள் அண்டை அரபு ராஜ்யங்களின் சேனைகள் உள்ளே புகுந்தன.

இந்த நெருப்பில்தான் பெர்னடாட் இறக்கப்பட்டார். மே 20-ந் தேதி அவர் மத்தியஸ்தராக நியமனம் பெற்றார். ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் சரித்திரத்தில் முதல் மத்தியஸ்தர் அவரே. ரோட்ஸ் தீவைத் தலைமை ஸ்தலமாகக் கொண்டு தலைநகரம் தலைநகரமாகப் பறந்தார். ஜூன் 11-ந் தேதி நான்கு வாரப் போர் நிறுத்தம் அமலுக்கு வந்தது. அது பெரிய வெற்றி. ஆனால் அந்த மாதக் கடைசியில் அவர் வெளியிட்ட முதல் யோசனை பெரிய பிழை என்றே நாம் கருதுகிறோம். ஜெருசலேமை அராபியருக்கு விடலாம், டிரான்ஸ்ஜோர்டானையும் சேர்த்து ஒரு கூட்டு ராஜ்யம் காணலாம் என்றார். அப்போதுதான் பிறந்த இஸ்ரேல் அதை ஏற்குமா? அராபியரும் ஏற்கவில்லை. பாலஸ்தீன அராபியரையே ஒரு கட்சிக்காரராக எண்ணாமல், அவர்கள் தலைவிதியை அப்துல்லா அரசரின் கையில் வைக்கப் பார்த்தது அந்த யோசனையின் மூலக் குறை.

ஜூலை 9-ந் தேதி போர் மீண்டும் தொடங்கியது. அந்தப் பத்து நாட்களில் லிட்டா, ராம்லே என்ற இரண்டு ஊர்களை இஸ்ரேலியப் படை பிடித்து, அங்கிருந்த அராபியக் குடிகளை வெளியேற்றியது. 50,000-க்குக் குறையாத ஜனங்கள், ஆணும் பெண்ணும் குழந்தைகளும், கடுங்கோடையில் தண்ணீரின்றி மலைப் பாதையில் நடந்தனர். வழியில் விழுந்தவர் பலர். அவர்களைப் பெர்னடாட் பின்னர் ராமல்லாவில் கண்டார். ஐரோப்பாவில் எத்தனையோ அகதி முகாம்களைப் பார்த்தவருக்கும் அந்தக் காட்சி அதுவரை காணாத கோரமாக இருந்தது. அவருடைய வாகனத்தைச் சூழ்ந்து அந்த ஜனங்கள் கேட்டது சோறும், வீடு திரும்பும் வழியுமே.

அன்று முதல் அவர் வேறு மனிதரானார் என்றே நாம் நினைக்கிறோம். எல்லைக் கோடு எங்கே ஓட வேண்டும் என்ற கேள்வியோடு, குடிகள் எப்போது வீடு திரும்புவார்கள் என்ற கேள்வியும் அவர் முன் நின்றது. ஒரு பகுதியினரையாவது உடனே திரும்ப விடும்படி இஸ்ரேல் சர்க்காரைக் கேட்டார். யுத்தம் முடியாத நிலையில் பகைவரை வீட்டினுள் அழைக்க முடியாது என்று அவர்கள் மறுத்தனர். செப்டம்பர் 16-ந் தேதி அவருடைய இரண்டாவது அறிக்கை பூர்த்தியாயிற்று. அதில் இஸ்ரேல் நிலைத்துவிட்ட ராஜ்யம் என்பதை ஒப்புக்கொண்டார். கலிலேயாவை யூதருக்கும் நெகேவை அராபியருக்கும் ஒதுக்கினார். ஜெருசலேமை ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் வைக்கச் சொன்னார். உதவி வேண்டி நிற்கும் அகதிகள், அராபியர் 3,60,000 பேர், யூதர் 7,000 பேர் என்று கணக்கிட்டார். வெளியிலிருந்து யூதக் குடியேறிகள் வந்துகொண்டிருக்கையில் அந்த மண்ணிலேயே வேரூன்றியிருந்தவர்களுக்கு வாசலை அடைப்பது நீதிக்கு விரோதம் என்பது அவர் தீர்மானம்.

மறுநாள், செப்டம்பர் 17, மாலை. ஜெருசலேமில் கத்தமோன் பேட்டை வழியாக அவருடைய மூன்று மோட்டார்கள் வந்தன. ஆயுதக் காவல் கிடையாது. ஒரு ஜீப் வழியை மறித்தது. ராணுவ உடுப்பிலிருந்த மூவர் இறங்கினர்; ஒருவன் ஜன்னலுக்குள் துப்பாக்கியை நீட்டிச் சுட்டான். பெர்னடாட்டும், பக்கத்திலிருந்த பிரெஞ்சுக் கர்னல் ஆந்திரே ஸெரோவும் மாண்டனர். ஸெரோவின் மனைவி ஜெர்மன் முகாமிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர். அதற்கு நன்றி சொல்லவே அவர் அன்று பெர்னடாட்டின் அருகில் அமர்ந்தார். கத்தமோனோ, சில மாதங்களுக்கு முன் வரை அராபியர் வாழ்ந்த பேட்டை. வீட்டுக்காரர்கள் அப்போது அகதிகளாயிருந்தனர்.

கொன்றவர்கள் லெஹி என்ற யூதத் தீவிரக் கூட்டத்தார். ஜெருசலேமை அராபியருக்குக் கொடுக்கிறார் என்பது அவர்களுடைய கோபம். அந்த யோசனையை அவரே கைவிட்டுவிட்டது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அதே வருஷம் ஜனவரி 30-ந் தேதி டில்லியில் நடந்ததை அறிந்த நமக்கு இந்த மனப்பான்மையை விளக்க வேண்டியதில்லை.

இஸ்ரேல் சர்க்கார் லெஹியைத் தடை செய்து பலரைக் கைது செய்தது. ஆனால் கொலைக்காக ஒருவரும் தண்டனை அடையவில்லை. லெஹி தலைவர்களுள் ஒருவரான யெலின்-மோர் 1949-ல் பார்லிமெண்ட் அங்கத்தினரானார். மற்றொருவரான ஷமீர் 1983-ல் பிரதம மந்திரியானார். பெர்னடாட்டின் இடத்திற்கு வந்த நீக்ரோ வம்சத்து அமெரிக்கர் ரால்ப் பஞ்சு, 1949-ல் ரோட்ஸ் தீவிலிருந்து போர் நிறுத்த உடன்படிக்கைகளை முடித்து, அடுத்த வருஷம் நோபல் பரிசு பெற்றார்.

பெர்னடாட்டின் அகதி யோசனையை ஐக்கிய நாட்டு மகாசபை 1948 டிசம்பர் 11-ந் தேதி 194-ஆம் தீர்மானமாக நிறைவேற்றியது. அயலாருடன் சமாதானமாக வாழ விரும்பும் அகதிகள் வீடு திரும்பலாம், திரும்பாதவருக்கு நஷ்டஈடு என்பது அதன் சாரம். அரபு ராஜ்யங்களே அன்று அதை எதிர்த்து வாக்களித்தன. பின்னர் அதையே தங்கள் ஆதாரமாகப் பிடித்துக்கொண்டன. அந்த யுத்தத்தில் வீடிழந்த அராபியர் மொத்தம் சுமார் 7 லட்சம். அவர்களும் அவர்கள் சந்ததியாரும் இன்று 50 லட்சத்துக்கும் அதிகமாக அகதிப் பதிவேட்டில் இருக்கிறார்கள். காஸாவின் ஜனங்களில் பெரும்பாலோர் அந்தப் பதிவேட்டைச் சேர்ந்தவர்களே.