கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர் பவர்' வந்தது எப்படி? ஒரு வானியலாளரின் இடது கண் கதை

கண் டெஸ்ட் முடிஞ்சதும் தரும் சீட்டில் முதல் கட்டம் பலருக்கும் புரிஞ்சிடும். நாம சாதாரணமா 'பவர்' என்று சொல்வது அதுதான். அடுத்து வரும் சிலிண்டர், ஆக்ஸிஸ் இரண்டும்தான் குழப்பும். அவற்றைத் தன் கண்ணுக்குத் தானே கணக்குப்போட்டு, கண்ணாடியாகவும் செய்ய வைத்தவர் கண் டாக்டர் இல்லை.

ஜார்ஜ் ஏரி 1801-ல் இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில் பிறந்தார். 1823-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். ஆனால், படிக்கும்போது இடது கண் உதவவே இல்லை என்பதைக் கவனித்தார். சாதாரணக் கண்ணாடி போட்டும் பயனில்லை. வானத்தைப் பார்த்தே வாழப்போகிறவருக்கு ஒரு கண் வீண் என்றால் சும்மா இருக்க முடியுமா?

அட்டையில் ஊசித்துளை போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினார். ஒளி புள்ளியாகத் தெரியவில்லை. சுமார் 6 அங்குலத்தில் ஒரு சாய்ந்த கோடு. சுமார் மூன்றரை அங்குலத்தில் அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. அதாவது, ஒரே கண்ணுக்குத் திசைக்கு ஒரு பவர்!

இன்றைய கணக்கில் பார்த்தால், ஒரு திசையில் சுமார் மைனஸ் 6.5, மறு திசையில் சுமார் மைனஸ் 11.25. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிலிண்டர் பவர். அதை எந்தக் கோணத்தில் வைக்கணும் என்று சொல்வது ஆக்ஸிஸ். இது டிகிரி, 180 வரை போகும். 'ஆக்ஸிஸ் 170' என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பவர் இல்லை. ஆனால் கோணம் பிசகினால் சரியான பவரும் மங்கலாகத்தான் தெரியும்.

ஒரு பக்கம் கோள வளைவு, மறுபக்கம் உருளை வளைவு கொண்ட லென்ஸை இப்ஸ்விச் ஊரில் ஃபுல்லர் என்பவர் செய்து கொடுத்தார். ஆண்டு 1825. இந்தக் குறைபாட்டைத் தாமஸ் யங் 1801-லேயே தன் கண்ணில் கண்டறிந்திருந்தார். 'அஸ்டிக்மாட்டிசம்' என்ற பெயர் பின்னால் வந்தது. ஏரியின் நண்பர் வில்லியம் ஹியூவெல் கொடுத்தது.

1835 முதல் 1881 வரை ஏரிதான் பிரிட்டனின் அரச வானியலாளர். கிரீன்விச்சில் அவர் அமைத்த கருவி வழியே போகும் கோட்டைத்தான் 1884-ல் உலகம் பூஜ்ஜிய தீர்க்கரேகையாக ஏற்றது. நெப்டியூனைத் தேடுவதில் தாமதித்தார் என்ற கெட்ட பெயரும் உண்டு. ஆனால் இடது கண் விஷயத்தில் அவர் அசரவில்லை. சுமார் 20 ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தார். தூரங்கள் மாறியிருந்தன. அதையும் எழுதி வெளியிட்டார்.