பெரிய கோயிலில் மோதிய கருவி
ஒற்றைக் கண்ணால் நாட்டை அளந்த லாம்டன்

கன்னியாகுமரியிலிருந்து வடக்கே நூற்றுக்கணக்கான மைல் தூரத்தை ஒருவர் அளந்து காட்டினார். அதுவும் ஒற்றைக் கண்ணால்! அவர்தான் கர்னல் வில்லியம் லாம்டன்.

நட்சத்திரம் காட்டிய வழி

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். கணிதத்தில் சூரர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்க யுத்தத்துக்குப் போனார். 1781-ல் யார்க்டவுனில் கைதியானார். பிறகு, தகுந்த கண்ணாடியின்றிச் சூரிய கிரகணத்தைப் பார்த்ததில் ஒரு கண் பார்வை போயிற்று.

1799-ல் திப்பு சுல்தானுடன் போர் நடந்தது. ஓர் இரவு ஜெனரல் பேர்டின் படை இருட்டில் நடந்துகொண்டிருந்தது. அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்தார் லாம்டன். வடக்கே போக வேண்டிய படை, தெற்கே எதிரியின் முகாமை நோக்கிப் போவதை அறிந்து எச்சரித்தார். படை தப்பியது.

சங்கிலியும் கோணமும்

போர் முடிந்ததும், நாட்டைத் துல்லியமாக அளக்க அனுமதி பெற்றார். 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலை அருகே வேலை ஆரம்பமாயிற்று. 100 அடி எஃகுச் சங்கிலிதான் அளவுகோல். வெயில் பட்டால் எஃகு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்து, நீட்சியைக் கணக்கில் திருத்திக் கொண்டார்கள். ஏழரை மைல் அளக்க 57 நாட்கள் பிடித்தன.

இப்படியே போனால் ஆயுள் போதாது. ஆற்றிலும் சேற்றிலும் சங்கிலி போடவும் முடியாது. ஆகவே அளந்த கோட்டை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து உச்சி ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தார். முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களைக் கணிதம் சொல்லிவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம் எழும்பும்.

கோணம் பார்க்க உதவியது லண்டனில் வில்லியம் கேரி செய்த தியோடலைட். எடை அரை டன்! கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றி மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு போனார்கள். விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த கவர்னர் மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

தஞ்சையில் வந்த சோதனை

1808-ல் லாம்டன் தஞ்சைத் தரணிக்கு வந்தார். மலை உச்சிகளில் ஏறிப் பழகியவருக்கு இங்கே ஒரு குன்றுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். தென்னந்தோப்புகள் பார்வையை மறித்தன. தோப்புக்கு மேலே தலை நீட்டி நின்றவை கோயில் கோபுரங்களே. காவிரிக் கரையில் கோபுரங்களே அவருக்கு மலைகளாயின.

ராஜராஜ சோழன் எழுப்பிய பெரிய கோயிலின் மேல் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது! கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் பித்தளை வட்டம் வளைந்து நெளிந்தது. வட்டம் கோணினால் கோணம் பொய். கோணம் பொய்த்தால் நாட்டின் அளவே பொய்.

வேறொருவராயிருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லாம்டன் கருவியோடு கூடாரத்துக்குள் புகுந்தார். பலகையில் சரியான வட்டம் வரைந்தார். ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு நெளிந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்தார். ஆறு வாரம் கழித்து, வட்டம் பழைய வடிவுக்கு வந்தது. அளவு வேலை மீண்டும் தொடர்ந்தது.

முடியாத பயணம்

சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று காட்டின அன்றைய படங்கள். சுமார் 360 மைல்தான் என்று நிரூபித்தார் லாம்டன். வடக்கே அளந்துகொண்டே போனவர், 1823 ஜனவரி 20-ம் தேதி ஹிங்கன்காட்டில் காலமானார். அவரது கல்லறை அங்கேதான் இருக்கிறது. வேலையைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயர்ந்த சிகரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று கையடக்கமான லேசர் தூரமானி வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால், ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்கிறது. சர்வேயரும் துப்பாக்கி சுடுவோரும் அதை நம்புகிறார்கள். ஆனால் ஒளியும் நேர்கோட்டில்தான் போகும். தென்னை மறித்தால் அதற்கும் வழியில்லை. கருவி கோணலானால் அளவும் கோணல் என்ற நியதியும் மாறவில்லை. அதை அறிந்துதான் ஆறு வாரம் கூடாரத்துக்குள் கிடந்தார் லாம்டன்.