நிலத்தை அளந்த லாம்டன்

நேர்கோடு உயரும் அளவை அது கடந்த கிடைத்தூரத்தால் வகுக்கச் சாய்வு கிடைக்கும் என்று இயற்கணிதத்திற் கற்கின்றோம். இச்சிறு கணக்கைப் பெரும்பணியொன்றில் இம்மியும் வழுவாது பேணியவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் யார்க்ஷயரில் எளிய குடியிற் பிறந்த இவர், படைவீரராய் இந்தியா போந்து, 1799ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டணப் போரிற் கலந்துகொண்டார். பின்னர் நில அளவையை மேற்கொண்டார். 1802 ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலையருகே 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி, ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார்.

நிலமோ மேடும் பள்ளமும் உடையது. 100 அடிச் சங்கிலி ஒரு முனையில் 10 அடி உயருமாயின், அது கடந்த கிடைத்தூரம் ஏறக்குறைய 99½ அடியே. அரையடிதானே என்று விடுவோமாயின், அத்தகைய 400 சங்கிலிக்கு 200 அடி பிழைபடும். ஆதலின் சங்கிலி சாய்ந்த இடங்களில் சாய்கோணத்தை அளந்து நீளத்தைத் திருத்தினார்.

அக்கோட்டின்மேல் முக்கோணங்களைத் தொடுத்துத் தெற்கே வந்து, நம் நெய்வேலிக்கு அணித்தாய்க் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் விண்மீன்களை நோக்கிப் பூமியின் வளைவைக் கணித்தார்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது ஏற்றுங்கால் கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி மோதிச் சிதைந்தது. அவர் மனந்தளராது 6 வாரம் கூடாரத்துள் அமர்ந்து, கைவினைஞர் துணையுடன் அதனைச் செப்பனிட்டார். 1823இல் அளவைப் பணியினிடையே இங்கன்காட் என்னும் ஊரில் உயிர்நீத்தார்.

நம் ஊர்ச் சுரங்கத்தின் கரைகளும் சாய்வு மிகின் சரியும். அளந்து வெட்டினாலே நிற்கும். சிறு பிழையையும் பொறாத லாம்டனின் உள்ளம் நமக்கும் வேண்டற்பாலது.