கோப்பாய்க் கோமான் வன்னியசிங்கம்

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து கிழக்கே செல்லும் வீதி கோப்பாய்க்குப் போகிறது. செம்மண் தோட்டங்களும் துலாக் கிணறுகளும் நிறைந்திருந்த அக்காலக் கோப்பாய்த் தொகுதி மக்கள் 1947 முதல் மும்முறை தொடர்ந்து ஒருவரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவர் தாம் அமரர் கு. வன்னியசிங்கம். கோப்பாய்க் கோமான் என்று மூத்தோர் அன்போடு அழைத்த அப்பெரியாரை இளைஞர் பலர் பெயரளவிலேயே அறிவர்.

1911 ஒக்டோபர் 13-இல் பிறந்த அவர் சட்டம் பயின்று சட்டத்தரணியானார். அத்தொழிலோடு நின்றிருந்தால் வசதியாகவே வாழ்ந்திருக்கலாம். 1947-இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். மறு ஆண்டே சோதனை வந்தது. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவராயினர். காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். தலைவர் பின்னே போவதே அக்காலத்தில் இலகுவான வழி. சா. ஜே. வே. செல்வநாயகமும் செனற்றர் நாகநாதனும் வன்னியசிங்கமும் அவ்வழி செல்லவில்லை. யாழ்ப்பாணத்து வாக்காளருக்கு நேரே தொடர்பில்லாத மக்களின் பொருட்டு, கையிலிருந்த செல்வாக்கையும் பதவி வாய்ப்பையும் இழக்கத் துணிந்தார்கள். 1949 டிசெம்பர் 18-இல் கொழும்பிலே இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றியது.

அன்னாரின் பெருமையை அறிய 1952-ஆம் ஆண்டைப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டுத் தேர்தலிலே செல்வநாயகம் காங்கேசன்துறையில் தோற்றார். அவரை வென்றவர் சேர் பொன். இராமநாதனின் மருமகனும் பரமேசுவராக் கல்லூரி அதிபராய் விளங்கியவருமான சு. நடேசபிள்ளை. செல்வநாயகம் கிறிஸ்தவர் என்பதும் அத்தேர்தலில் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. நாகரிகமற்ற அப்பேச்சைச் சைவர்களாகிய நாம் மறைப்பதற்கில்லை. 101 உறுப்பினர் கொண்ட சபைக்குத் தமிழரசுக் கட்சியிலிருந்து சென்றவர் இருவரே: கோப்பாயில் வன்னியசிங்கமும் திருக்கோணமலையில் இராசவரோதயமும்.

தலைவர் வெளியே, தாம் உள்ளே. தலைமையைத் தமதாக்க விரும்பும் ஒருவருக்கு இதனினும் வாய்ப்பான வேளை வாய்ப்பது அரிது. நாலு வருடமும் சபையிலே கட்சியின் குரலாய் நின்ற வன்னியசிங்கமோ, சைவராயிருந்தும், கிறிஸ்தவரான செல்வநாயகத்தையே தலைவராகக் கொண்டு ஒழுகினார். இராமன் வரும்வரை நாடு காத்த பரதனை நினைக்கத் தோன்றுகிறது. உவமை சற்றுப் பெரிதாயினும் பொருந்தாததன்று.

அந்த நாலு வருடமும் கேலிக்குரிய காலமாகவே கழிந்தன. சமஷ்டி என்ற சொல்லே பலருக்கு வேடிக்கையாயிருந்தது. 1954-இல் பிரதமர் கொத்தலாவலை கொக்குவிலுக்கு வந்து இரு மொழிக்கும் சம இடம் தருவதாக வாக்களித்தபோது, இனிப் பயமில்லை என்றே பலர் எண்ணினர். 1956 பிறந்ததும் அவருடைய கட்சியே சிங்களம் மட்டும் என்று மாறிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குப் பத்து இடங்கள் கிடைத்தன. செல்வநாயகம் காங்கேசன்துறையை மீட்டுச் சபைக்கு மீண்டார். கட்சியைச் சபையிலே காத்து வந்த வன்னியசிங்கம் முறுமுறுப்பின்றி அவருக்கு அடுத்த ஆசனத்தில் அமைந்தார்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. 1956 யூன் 5-இல் காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். 1957 யூலையில் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1958 ஏப்பிரலில் பிரதமரே அதனைக் கைவிட்டார். மே மாதத்தில் கலவரம் மூண்டது. கட்சி தடை செய்யப்பட்டுத் தலைவர்கள் காவலில் வைக்கப்பட்டனர். பத்து வருடம் உழைத்துக் கண்ட பலன் இதுதானா என்று சோர்ந்தவர் அப்போது உளர்.

1959 செப்டெம்பர் 17-இல் வன்னியசிங்கம் காலமானார். நாற்பத்தெட்டு வயது நிறைய ஒரு மாதமும் இல்லை. மூன்றாம் முறை மக்கள் கொடுத்த ஆசனத்தில் இருக்கும்போதே உயிர் பிரிந்தது. ஒன்பது நாள் கழித்துப் பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டு மாண்டார். நாடு முழுவதும் அச்செய்தியையே பேச, கோப்பாயின் துக்கம் வெளியூரார் காதில் விழாது போயிற்று.

1960 மார்ச் தேர்தலில் கட்சி பதினைந்து இடங்களில் வென்றது. கோப்பாய்க்கு மு. பாலசுந்தரம் தெரிவானார். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே சத்தியாக்கிரகம் தொடங்கி, பல்லாயிரவர் வீதியில் அமர்ந்தபோது, 1949-இல் செல்வநாயகத்தோடு புறப்பட்ட இருவரில் நாகநாதன் ஒருவரே எஞ்சியிருந்தார்.